தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் திருப்பூரில் இருந்த கதை

பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவின் மேற்கு மூலையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு 1997 ஆவணி தொடங்கிப் போன வருடம் சித்திரை வரைக்கும் நிழல் கிடையாது. நிழல் திருப்பூரில் இருந்தது. பல்லடம் சாலையை ஒட்டிய ஒரு லைன் வீட்டில், அபிராமி என்ற ஓவர்லாக் டெய்லரோடு குடியிருந்தது. அதற்கும் சேர்த்து வாடகை கேட்கலாமா என்று வீட்டுக்காரர் ஒருமுறை யோசித்ததைத் தவிர, ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருடங்களில் பேசுவதற்கு நூல் விலை இருந்தது.

அது வந்த விதம் இப்படி. அபிராமியும் முனீசும் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். அவள் தையல், அவன் கட்டிங். ஒரே கம்பெனி. பொங்கியண்ணன் என்பவருடைய பனியன் கம்பெனி அது. அப்போது தகரக் கொட்டகையில் நடந்தது. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், நடக்கவில்லை. அந்தக் காலத்துத் திருப்பூரில் கல்யாணம் ஆகாத இரண்டு பேர் சேர்ந்து உட்கார இடமே இல்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தால் ஊர்க்காரன் பார்த்துவிடுவான். சினிமாவுக்குப் போனால் கம்பெனியே அங்கேதான் இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறி, பல்கலைக்கழகப் பூங்காவுக்குப் போவார்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள், கேள்வியும் கேட்கமாட்டார்கள். தூங்குமூஞ்சி மரத்தின் வேரில் அவள் காலை நீட்டி உட்காருவாள். வாரம் முழுக்க மிஷின் பெடலில் மடங்கிக் கிடந்த கால்கள். எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது, சீட்டு எப்போது எடுப்பது என்று பேசுவார்கள். காதலர்கள் வேறு என்னென்னவோ பேசுவதாகச் சொல்கிறார்கள். திருப்பூரில் இதைத்தான் பேசுவார்கள். மாலை ஆறு மணிக்கு மரம் இலைகளை மூடிக்கொள்ளும். கம்பெனி ஷட்டரை இறக்குகிற மாதிரி அத்தனை இலையும் ஒன்றாக மூடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

பனியன் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் முன்னால் பையைத் திறந்து காட்டாமல் வெளியே போக முடியாது. ஒரு பீஸ் துணிகூடத் திருட்டுப் போகக் கூடாது அல்லவா. இரண்டு வருடம் காட்டினால் போதும், கை தானாகக் காட்டத் தொடங்கிவிடும். கோயில், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், எங்கே காக்கிச் சட்டை நின்றாலும் திருப்பூர்க்காரர்கள் பையைத் திறந்துகொண்டுதான் வெளியேறுவார்கள். அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை, பூங்காவின் வாசலில், அபிராமியும் அப்படியே பையைத் திறந்து காட்டினாள். பூங்கா வாட்ச்மேனுக்கு அதுவரை யாரும் அந்த மரியாதையைச் செய்ததில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். காலி டிபன் பாக்ஸ், சீப்பு, தண்ணீர் பாட்டில். "செரி, போங்கம்மா" என்றார். பையைச் சோதித்து அனுப்பிவிட்டால் கூட வருவதெல்லாம் சோதித்து அனுப்பியதாகவே ஆகும். அது கம்பெனிச் சட்டம். வாட்ச்மேன் பைக்குள் பார்த்தாரே தவிரத் தரையில் பார்க்கவில்லை. நிழல் அவள் பின்னாலேயே வெளியே வந்து, பேருந்தில் ஏறி, திருப்பூரில் இறங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தார்கள். அடுத்த ஞாயிறு ஷிப்மெண்ட். அதற்கடுத்த ஞாயிறு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்து தீபாவளி போனஸ் தகராறு. திருப்பூரில் அடுத்த ஞாயிறு என்பது கிழமை அல்ல, ஒரு நம்பிக்கை. இவர்கள் அதை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள்.

நிழல் தொந்தரவு கொடுக்கவில்லை. கூரைக்கு வெளியே விழுவதுபோலவே உள்ளேயும் விழுந்தது. சிமெண்ட் தரையில் வெயில் வட்டம் வட்டமாக ஆடும். மாசியில் இலை உதிர்ந்து மெலியும், பங்குனியில் தழைக்கும். மழை வருவதற்கு முன்னால் இலை மூடிக்கொள்ளும் மரம் என்பதால், நிழல் சுருங்கினால் லைனில் உள்ள பெண்கள் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுவார்கள். கம்பெனியில் அபிராமியின் மிஷினைப் பொங்கியண்ணன் தன் கேபினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, ஏசியைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். கட்டடம் குளுமையாக இருப்பதற்குத் தான் பார்த்த வாஸ்துதான் காரணம் என்று வந்தவர்களிடம் சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்து, பசுமைத் தொழிற்சாலை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டி, விளக்கு வைத்தார். விளக்கின் சூடு தாங்காமல் பிறகு அதையும் நிழலுக்கு நகர்த்தினார்.

நிழலை இழந்த மரமோ பெரிய மனிதனாகிவிட்டது. தாவரவியல் பேராசிரியர் ஞானசம்பந்தம் அதைக் கண்டுபிடித்தார். அதாவது, ஒரு நாள் அதன் கீழ் நின்றபோது மண்டை சுட்டது. உடனே நிழலின்மை ஆய்வு மையம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. கம்பி வேலி போட்டார்கள். லத்தீன் பெயரோடு பலகை வைத்தார்கள். பலகை மறைத்ததால் மரம் தெரியவில்லை. ஒரு சர்வதேசக் கருத்தரங்கும் நடந்தது. மரத்துக்கு ஏன் நிழல் இல்லை என்பதை மூன்று நாள், மரத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, அந்தப் பந்தல் நிழலில் உட்கார்ந்து விவாதித்தார்கள். பேராசிரியர் மாலைகளோடு ஓய்வு பெற்றார். பிறகு பணம் வருவது நின்றது. புதிதாக வந்த குழு, நிழல் தராத மரம் தன் அடிப்படைக் கடமையில் தவறிவிட்டது என்றும், அதை அகற்றிவிட்டு அந்த இடத்தில் சிமெண்ட் காளான் குடைகள் நான்கு அமைக்கலாம் என்றும் முடிவெடுத்தது. சித்திரை மாதத்து ஒரு திங்கட்கிழமை குறிக்கப்பட்டது.

இதற்குள் அபிராமிக்குக் கால் போயிருந்தது. கம்பெனி வேன் கவிழ்ந்து முதுகில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஆறு வருடமாகக் கட்டிலில் இருந்தாள். பொங்கியண்ணன் ஆப்பிளோடு பார்க்க வந்தார். வந்தவர் நிழலில் சாய்ந்து அரை மணி நேரம் தூங்கிவிட்டு, "மனசுக்கு நிம்மதியா இருக்குதும்மா" என்று சொல்லிப் போனார். முனீஸ் காலையில் சோறாக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவான். பகல் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அவளும் நிழலும்தான். மரம் வெட்டப்படும் செய்தியை அவள் பேப்பரில் படித்தது வியாழக்கிழமை.

"ஏங்க, நம்ம மரத்த வெட்டப் போறாகளாம்" என்றாள், அவன் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால்.

"வெட்டட்டும். ஊருல வேற மரமா இல்ல?"

"நெழலு இல்லைன்னுதேன் வெட்டுறாக. நெழலு நம்மகிட்டல்ல இருக்கு."

"இந்தா புள்ள, வெளங்காத பேச்சு பேசாத. வெளிய நூத்தி நாலு டிகிரி. இந்தக் கூரைக்கடியில அது இல்லாட்டி நீ வெந்து போவ."

"நான் வேர்த்தா தொடச்சுக்கிருவேன். அத வெட்டினா ஒட்டவா முடியும்?"

முனீஸ் சோற்றைப் பிசைந்தான். அவனுக்கு அவள் வெந்துபோவாள் என்ற பயம் நிஜம்தான். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் ஊரும் மாறி, ஆளும் மாறி, கம்பெனியே நாலு மாடி ஆகி, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சமிருப்பது தரையில் ஆடுகிற இந்த வட்டங்கள் மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டு எதைப் பார்த்துக்கொண்டு படுப்பது?

அபிராமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேலைக்கு ஆகலைன்னு ஒருத்தர ஒதுக்கிப் போட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அது கெடக்குற எடத்த விட்டு நகர முடியாது. நானும்தேன். நான் போய்க் குடுத்துட்டு வாறேன். நீங்க தூக்கிட்டுப் போனாத் தூக்கிட்டுப் போங்க. இல்லாட்டி உருண்டு போறேன்."

அவள் உருண்டாலும் உருள்வாள் என்று முனீசுக்குத் தெரியும். மறுநாள் பொங்கியண்ணனிடம் போய் நின்றான். ஏற்றுமதிக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் ஒரு சக்கர நாற்காலி இருக்கும். உட்கார அல்ல, ஆடிட்டுக்கு. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆள் வந்து, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பு வாளி, குழந்தைகள் அறை, சக்கர நாற்காலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடுவார். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் பூட்டிவிடுவார்கள். பொங்கியண்ணனின் சக்கர நாற்காலி வாங்கியபோது சுற்றியிருந்த பாலிதீன் கவரோடு ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அபிராமிக்கு முதுகு போனபோது அதைக் கேட்க வேண்டும் என்று முனீசுக்கும் தோன்றவில்லை, கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. சாமி அறைப் பித்தளை விளக்கை யாரும் கரண்டு போனால் எடுப்பதில்லை.

"அட, அதுக்கென்னப்பா முனீசு, தாராளமா எடுத்துட்டுப் போ" என்றார் பொங்கியண்ணன். நாற்காலியை ஒப்படைக்கும்போது போட்டோ எடுக்கச் சொல்லி, போட்டோவில் முனீசை விட நாற்காலிக்கு நெருக்கமாக நின்றார். "ஒண்ணே ஒண்ணுப்பா. கவரக் கழட்டிப்போடாத. திங்கக்கெழம ஆடிட்டு. புதுசா இருக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் நாற்காலியை ஏற்றி, பனியன் வேஸ்ட் துணியால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, அதில் அபிராமியை உட்கார வைத்தான் முனீஸ். பாலிதீன் அவள் அசையும்போதெல்லாம் சரசரத்தது. ஆறு வருடம் கழித்து வெளியே வந்தவள் அவிநாசி சாலையைப் பார்த்து, "இந்த ஓடைப் பாலம் எங்க? இங்கன ஒரு புளியமரம் நின்னுச்சே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் "ரோடு அகலம் பண்ணிட்டாக" என்று ஒரே பதிலைச் சொன்னான். நிழல் வண்டிக்கு மேலேயே வந்தது. சித்திரை வெயிலில் பைக்கில் போனவர்கள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். சிக்னலில் நின்றபோது நாற்பது ஐம்பது வண்டிகள் அவளைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. பச்சை விழுந்தும் யாரும் கிளம்பவில்லை. பின்னாலிருந்த காரில் ஒரு கட்சிக்காரர் தலையை வெளியே நீட்டி, யாருக்கு இந்தக் கூட்டம் என்று விசாரித்தார்.

பூங்காவின் வாசலில் இப்போது புது கேட், புது வாட்ச்மேன். சதீஷ்குமார் என்று நெஞ்சில் எழுதியிருந்தது. நாற்காலியை விட்டார். நிழலை நிறுத்தினார்.

"ஏனுங், மேல கூடவே வருதே, அது என்னங்க?"

"நெழலு" என்றான் முனீஸ்.

"நெழலுன்னு தெரியுதுங்க. எந்த மரத்துதுங்கறேன்."

"உங்க மரத்துதுதேன். உள்ள நிக்கிது."

"எங்க மரத்து நெழலுன்னா உள்ளயல்லோ இருக்கோணும்? வெளிய எப்படிங்க போச்சு?"

"பையப் பாத்துட்டுத்தேன் விட்டாக" என்றாள் அபிராமி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. வெளியில இருந்து செடி, கொடி, கெளை எதையும் உள்ள உடக் கூடாதுன்னு ஆர்டருங்க. பூச்சி வந்துரும். நெழலுல பூச்சி இருந்தா ஆரு பதில் சொல்றது?"

"தம்பி, இருபத்தஞ்சு வருசமா என் தலைக்கு மேல இருக்கு. ஒரு பேனுகூட வந்ததில்ல."

சதீஷ்குமார் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்கினார். பேசிக்கொண்டே தொப்பியைக் கழற்றி, கழுத்தைத் துடைத்து, நிழலுக்குள் இன்னும் ஓரடி தள்ளி நின்றதை முனீஸ் கவனித்தான். அவருக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, மனுஷன் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறான். கால் மணி நேரம் நிற்கட்டும் என்று இவனும் நின்று பதில் சொன்னான். சொல்லப்போனால் இவனுக்கும் உள்ளே போக அவசரம் இல்லை. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

அப்போதுதான் பேராசிரியர் ஞானசம்பந்தம் வந்தார். மறுநாள் வெட்டப்போகிற மரத்தைக் கடைசியாகப் பார்க்கக் கைத்தடியோடு வந்திருந்தார். தரையில் ஆடிய வட்டங்களைக் கண்டதும் நின்றார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், மேலே மரம் இல்லாததையும் பார்த்தார்.

"இதை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தீர்கள்?"

"திருப்பூருல சார்."

"திருப்பூரிலா!" என்றார் பேராசிரியர். "நாங்கள் பிரேசில் வரைக்கும் போய்த் தேடினோமே ஐயா."

உள்ளே விடும்படி அவர் சொன்னதும் சதீஷ்குமார் வழிவிட்டார். சக்கர நாற்காலிக்கென்று பூங்காவில் ஒரு சாய்தளம் உண்டு. அமைச்சர் திறந்துவைத்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் தொடங்கி, வழுவழுப்பாக வளைந்து ஏறி, திறந்துவைத்தவர்களின் பெயர் பொறித்த கல்வெட்டு வரைக்கும் போய் நின்றுவிடும். கல்வெட்டைப் படிக்க விரும்பும் மாற்றுத்திறனாளிகளுக்கு எந்தக் குறையும் இல்லை. மரங்களுக்குப் போக, அதற்கப்பால் படிகள் இறங்க வேண்டும். பேராசிரியர் கைத்தடியைக் கல்வெட்டின் மேல் சாய்த்துவைத்துவிட்டு முன் சக்கரத்தைப் பிடித்தார். "சார், நீங்க போயி..." என்று முனீஸ் பதறினான். "பிடியுங்கள், பிடியுங்கள். என் திட்ட அறிக்கையில் இந்தப் படிகளுக்குப் பரிந்துரை செய்ததே நான்தான்" என்றார் அவர், மூச்சு வாங்க. சதீஷ்குமார் ஒரு பக்கம், முனீஸ் ஒரு பக்கம், பேராசிரியர் முன்னால் என்று அபிராமியைத் தூக்கி இறக்கினார்கள். கல்யாணத்தன்று தன்னை யாரும் இப்படித் தூக்கவில்லை என்று அவள் சொன்னாள்.

மரம் அதே இடத்தில் நின்றது. பெருத்திருந்தது. கம்பி வேலியில், வெட்டுவதற்கான எண்ணைச் சிவப்புச் சாயத்தில் எழுதிய தகரத்தைக் கட்டியிருந்தார்கள். கீழே சுள்ளென்று வெயில். சதீஷ்குமார் வேலிக் கதவைத் திறந்துவிட்டார். முனீஸ் அவளை நாற்காலியிலிருந்து அள்ளியெடுத்து, அந்தப் பழைய வேரில் உட்காரவைத்து, கால் இரண்டையும் நேராக நீட்டிவிட்டான். நிழல் அவளைவிட்டு நகரவில்லை. பள்ளிக்கூட வாசலில் முதல்நாள் குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அதுபோல் நின்றது. போகாது, திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று முனீஸ் நினைத்தான்.

அபிராமி வேரைத் தடவிக்கொடுத்தாள். "ஒன் வீடு வந்துருச்சு. ஏறு" என்றாள்.

அது முதலில் கீழ்க்கிளையில் ஏறியது. பிறகு ஒவ்வொரு கிளையாக, இடம் ஞாபகம் வந்ததுபோல. பத்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசி வட்டம் தரையில் விழுந்து ஆடியதும், மரம் ஒரு தரம் உடம்பை உதறிக்கொண்டது. நாலைந்து இளஞ்சிவப்புப் பூக்கள் உதிர்ந்தன. பேராசிரியர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, தன்னுடைய நாற்பது ஆய்வுக் கட்டுரைகளும் இந்த நிமிடத்தோடு தவறாகிவிட்டன என்று அறிவித்தார். அறிவித்த பிறகு அந்த நிழலிலேயே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றினார்.

மாலை இலை மூடும்வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாம் என்று முனீஸ் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். இருந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்து வெயிலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். நிழல் வரவில்லை. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தை அப்போதுதான் அவன் முழு வெயிலில் பார்த்தான். கன்னத்தில் கரும்படை, காதோரம் நரை, கண்ணுக்குக் கீழே கோடுகள். நிழலுக்குள் அவளுக்கு இருபத்திமூன்று வயதுதான் நடந்துகொண்டிருந்தது. அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, கெழவனாயிட்டீகளே" என்றாள்.

"நீ மட்டும் என்னவாம்?" என்றான் முனீஸ். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வழியில் ஐஸ் வாங்கிக்கொடுத்தான்.

திங்கட்கிழமை மரம் வெட்ட வந்தவர்கள் வெயிலுக்கு அதன் கீழே ஒதுங்கி, சாப்பிட்டு, தூங்கிவிட்டார்கள். நிழல் உள்ள மரத்தை வெட்டுவதற்குக் குழுவிடம் தீர்மானம் இல்லை. சிமெண்ட் காளான்களை வேறு மரத்தின் கீழே வைத்தார்கள். அதே திங்கட்கிழமை பொங்கியண்ணன் கம்பெனிக்கு வந்த ஆடிட்டர், நாற்காலியின் சக்கரத்தில் மண்ணும் ஒரு காய்ந்த பூவும் ஒட்டியிருந்ததைக் கண்டு, திருப்பூரில் தான் பார்த்த நாற்காலிகளில் உபயோகப்படுத்தப்பட்டது இது ஒன்றுதான் என்று எழுதிப் பாராட்டினார். பொங்கியண்ணனுக்கு விஷயம் புரிந்தது. அன்று சாயங்காலமே நாற்காலியை அபிராமி வீட்டுக்கு அனுப்பி, நன்றாக அழுக்காக்கும்படி சொல்லியனுப்பினார்.

அபிராமிக்கு வேர்த்தது. துடைத்துக்கொண்டாள். முனீஸ் கூரைமேல் தென்னங்கீற்றுப் போட்டான், ஃபேன் வாங்கினான். காலையில் வேலைக்குப் போகுமுன் அவளை நாற்காலியில் வைத்து வீதிமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவான். அப்படிப் போன ஒரு நாள்தான் லைன் வீட்டுப் பெண்கள் கவனித்தார்கள்: இளவெயிலில் நாற்காலியின் நிழல் நீளமாக விழுகிறது, அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவளுடைய நிழலை மட்டும் காணோம். ஒருத்தி முனீசைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, அன்று நம்பர் கொடுத்திருந்த சதீஷ்குமாருக்குப் போன் போட்டான்.

"இங்கதானுங்க இருக்காங்க" என்றார் சதீஷ்குமார். "அன்னிக்கிருந்தே இருக்காங்க. மரத்து நெழலுக்குள்ள, வேருகிட்ட, கால நீட்டிட்டு. மத்தியானம் வெயில் சாஞ்சா எந்திரிச்சு மரத்தச் சுத்தி ஒரு நட நடப்பாங்க. புரொபசர் ஐயாவும் தெனம் பாக்கறாருங்க. எழுதிப்போடாதீங்கன்னு நானே சொல்லிப்போட்டேன்."

முனீஸ் சரி என்று போனை வைத்தான். கேட்டை அடைப்பதற்குள் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. அதன் பிறகு இந்த விஷயத்தில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இரவு அவன் வந்து சோறு போட்டுச் சாப்பிட்டதும், அபிராமி, "இன்னிக்கு நாலு சுத்து சுத்திட்டேங்க. காலு என்னமா வலிக்குது" என்பாள். அவன் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்து, அவள் காலைப் பிடித்துவிடுவான்.